வெளிச்சத்தை அளக்கலாம் வாங்க: தனுஷ்கோடி மணல்லேர்ந்து திருவாதிரை வரைக்கும், முழு வழிகாட்டி

பகல் 11 மணி, தனுஷ்கோடி, இடிஞ்ச சர்ச் பக்கத்துல ஒரு கல்யாண ஜோடிக்கு போட்டோ எடுத்துட்டிருந்தேன். சுத்தி எல்லாம் வெள்ளை மணல், மேல வெயில், கண்ணைக் கூசுது, கேமரா ஆட்டோ மோடுல இருக்கு, ஸ்கிரீன்ல பாத்தா சுமாரா இருக்க மாதிரிதான் தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா மணல் பூரா சாம்பல் கலர்ல சிமெண்ட் தரை மாதிரி கெடக்கு, பொண்ணு மாப்பிள்ளை முகம் ரெண்டும் கறுத்துப் போயிருக்கு. அவ்வளவு வெயில்ல எடுத்த படம் எப்படி இருட்டா வரும்? இந்தக் கேள்விக்கு பதில் தேடப் போய்தான் வெளிச்சத்தை அளக்குற வேலைக்குள்ள வந்தேன், அப்புறம் அது நட்சத்திரத்துக்குப் போயி, கடல் தண்ணிக்குள்ளயும் போயிருச்சு. மூணும் ஒரே வேலைன்னு புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. அதை உங்களுக்கு படிப்படியா சொல்றேன்.

தேவையான சாமான்: ஒரு ஆண்ட்ராய்டு போன், மேனுவல் மோடு இருக்குற எந்த கேமராவும் (போன்ல புரோ மோடு இருந்தா அதுவே போதும்), வெள்ளைத் தாள், ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், அளக்குற டேப், ஒரு வெள்ளைத் தட்டு, நைலான் கயிறு, ஒரு நோட்டு. நோட்டை மறந்துராதீங்க.

முதல் படி: கண்ணை நம்புறதை நிறுத்துங்க

நம்ம கண்ணு ஒளிமானி கிடையாது. வெளிய வெயில்ல நிக்கும்போதும் "நல்ல வெளிச்சம்"னு சொல்லும், ராத்திரி டியூப்லைட் போட்ட ரூம்லயும் "நல்ல வெளிச்சம்"னு சொல்லும். ஆனா வெயில்ல கிட்டத்தட்ட 1 லட்சம் லக்ஸ், வீட்டு ரூம்ல 100லேர்ந்து 300 லக்ஸ். முந்நூறுலேர்ந்து ஆயிரம் மடங்கு வரைக்கும் இருக்குற வித்தியாசத்தை கண்ணு அப்படியே முழுங்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கும். பாவை சுருங்குறது அதுல ஒரு சின்ன பங்குதான், மீதி எல்லாம் விழித்திரையும் மூளையும் பழகிக்கிறது.

ஆனா கண்ணுக்கு ஒரு பெரிய திறமை இருக்கு. பக்கத்துல பக்கத்துல வச்ச ரெண்டு வெளிச்சத்துல எது கூட, எது கொறைச்சல், ரெண்டும் சமமான்னு சொல்றதுல அது கில்லாடி. "எவ்வளவு"ன்னு கேட்டா தப்பா சொல்லும், "எது கூட"ன்னு கேட்டா சரியா சொல்லும். இந்த வழிகாட்டில வர்ற ஒவ்வொரு அளவும் இந்த ஒரு விஷயத்து மேலதான் நிக்குது, தெரிஞ்ச ஒரு வெளிச்சத்தைப் பக்கத்துல வச்சு தெரியாததை ஒப்பிடுறது.

ரெண்டாவது படி: நாலு வார்த்தை

எல்இடி பல்பு வாங்குனா டப்பால வாட்ஸ் பக்கத்துல லூமென்னு ஒரு எண் போட்டிருக்கும், 9 வாட்ஸ் பல்புன்னா 900 லூமென் ஒட்டி இருக்கும். அது பல்பு மொத்தமா எல்லாப் பக்கமும் கொட்டுற வெளிச்சம். அதுல ஒரு திசைல மட்டும் எவ்வளவு செறிவா போகுதுன்னா அது கேண்டலா, ஒரு சாதாரண மெழுகுவத்தி கிட்டத்தட்ட 1 கேண்டலா. அந்த வெளிச்சம் ஒரு எடத்துல வந்து விழுறது லக்ஸ், ஒரு சதுர மீட்டர்ல 1 லூமென் விழுந்தா 1 லக்ஸ். மெழுகுவத்தியை ஏத்தி 1 மீட்டர் தள்ளி தாளைப் பிடிச்சா தாள்ல விழுறது 1 லக்ஸ். நாலாவது, விழுந்த வெளிச்சம் அந்தப் பொருள்ல பட்டு நம்மள நோக்கி திரும்பி வர்றது, ஒளிர்வு. கறுப்புத் துணிலயும் வெள்ளை வேட்டிலயும் விழுற லக்ஸ் ஒண்ணுதான், திரும்பி வர்ற ஒளிர்வுதான் வேற. என் தனுஷ்கோடி படம் கெட்டதுக்கு காரணம் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாததுதான்.

இன்னொண்ணு. லூமென், லக்ஸ் எல்லாமே மனுசக் கண்ணை வச்சு செஞ்ச அளவு. நம்ம கண்ணுக்கு பகல்ல ரொம்ப பிரகாசமா தெரியறது 555 நானோமீட்டர் பச்சை, அதுல 1 வாட் வந்தா 683 லூமென்னு கணக்கு, கேண்டலாவோட சர்வதேச வரையறையே இந்த 683 மேலதான் நிக்குது. அதே 1 வாட் சிவப்புல வந்தா லூமென் ரொம்ப கொறைஞ்சிரும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புல வந்தா பூஜ்யம். நம்ம மாவட்டத்துல கமுதில 648 மெகாவாட் சோலார் பார்க் இருக்குல்ல, அங்க போய் லக்ஸ் பேசுனா யாருக்கும் உதவாது, சோலார் பேனலுக்கு மனுசக் கண்ணு கணக்கு தேவையில்லை, அங்க சதுர மீட்டருக்கு எத்தனை வாட்னுதான் அளப்பாங்க. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட், லக்ஸ்ல சொன்னா சுமார் 1 லட்சம்.

மூணாவது படி: எண்ணெய்ப் பொட்டு

இதை தயவுசெஞ்சு செஞ்சு பாருங்க, படிச்சிட்டு தாண்டிப் போயிராதீங்க. எந்த மெஷினும் இல்லாம வெளிச்சத்தை அளக்குற முறை இது, 1840-கள்ல ஜெர்மன் வேதியியல்காரர் பன்சன் கொண்டு வந்தது, லேப்ல வர்ற பன்சன் பர்னர் அவர் பேர்லதான்.

வெள்ளைத் தாள் நடுவுல ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு நல்லா தொடைச்சிருங்க. அந்த எடம் கண்ணாடி மாதிரி லேசா ஊடுருவும். தாளை செங்குத்தா நிக்க வைங்க, ஒரு பக்கம் மெழுகுவத்தி, இன்னொரு பக்கம் நீங்க அளக்கணும்னு நினைக்கிற பல்பு. ரூம்ல மத்த லைட் எல்லாம் அணைச்சிருங்க, ஜன்னலை மூடிருங்க. இப்ப தாளைப் பாத்தா, உங்க பக்கத்து வெளிச்சம் கூட இருந்தா பொட்டு கறுப்பா தெரியும், பின்பக்கத்து வெளிச்சம் கூட இருந்தா பொட்டு பளிச்னு தெரியும். தாளை மெதுவா முன்ன பின்ன நகத்துங்க. ஒரு எடத்துல பொட்டு கிட்டத்தட்ட காணாமப் போகும், தாளோட தாளா கரைஞ்சிரும். அப்படியே நிறுத்துங்க, மூச்சைப் பிடிச்சிட்டு டேப்பை எடுங்க. ரெண்டு பக்கமும் வெளிச்சம் சமம்.

மெழுகுவத்தி 40 செமீ தூரத்துல, பல்பு 120 செமீ தூரத்துலன்னு வைங்க. தூரம் 3 மடங்கு, வெளிச்சம் தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கொறையும், அதனால பல்பு 3 பெருக்கல் 3, 9 மெழுகுவத்திக்கு சமம், அந்தத் திசைல சுமார் 9 கேண்டலா. பின்னாடி வெள்ளைச் சுவர் இருந்தா அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி கணக்கைக் கெடுத்துரும், கறுப்புத் துணி தொங்க விடுங்க. முதல் தடவை நான் செஞ்சப்ப இதைக் கவனிக்காம விட்டு ரெண்டு நாள் தப்பு எண்ணை வச்சிட்டு அலைஞ்சேன்.

இதுக்கு நூறு வருசம் முன்னாடி, 1700-கள்ல, பியர் பூகேர்னு பிரான்ஸ்காரர் ஒருத்தர் மெழுகுவத்தியையே நடுவுல வச்சு சூரியனையும் பௌர்ணமி நிலாவையும் ஒப்பிட்டாரு. சூரியனை நேத்து மெழுகுவத்தியோட, நிலாவை இன்னிக்கு மெழுகுவத்தியோட, அப்புறம் ரெண்டையும் வகுத்தா போதும். சூரியன் நிலாவை விட 3 லட்சம் மடங்குன்னு வந்துச்சு. இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச கணக்கு சுமார் 4 லட்சம். ஒரு மெழுகுவத்தியும் கண்ணும் மட்டும் வச்சிட்டு அவ்வளவு பக்கத்துல வந்துட்டாரு, எனக்கு இதை நினைச்சாலே சிலிர்க்கும்.

இந்த வர்க்க விதி கல்யாண மண்டபத்துல பிளாஷ் போடுற எல்லாருக்கும் தினமும் வேணும். 2 மீட்டர்ல சரியா விழுந்த பிளாஷ் 4 மீட்டர்ல கால்வாசிதான், ரெண்டு ஸ்டாப் போச்சு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது, இல்ல ரெட்டிக்கிறது).

நாலாவது படி: போனை லக்ஸ் மீட்டரா மாத்துறது

ஆண்ட்ராய்டு போன்ல முன்பக்க கேமரா பக்கத்துல ஒரு ஒளி சென்சார் இருக்கும், ஸ்கிரீன் வெளிச்சத்தை தானா கூட்டிக் கொறைக்க. ஒரு லக்ஸ் மீட்டர் ஆப் போட்டா அந்த எண் தெரியும். ஐபோன்ல அந்த சென்சாரை ஆப்புக்கு விட மாட்டாங்க, அங்க ஆப் எல்லாம் கேமராவை வச்சு குத்துமதிப்பா சொல்லுறதுதான்.

சென்சார் எங்க இருக்குன்னு விரலை வச்சு தடவிப் பாருங்க, எண் சட்டுனு விழுற எடம்தான். டெம்பர்டு கிளாஸ் அந்த எடத்தை மறைச்சா எண் கொறையும். போனை சரிஞ்சு பிடிச்சாலும் எண் மாறும், சாய்வுல விழுற வெளிச்சத்தை நிறைய போன் சென்சார் ஒழுங்கா எண்ணாது. இதுக்கு ஒரு எளிய வழி, மெல்லிசான வெள்ளை பிளாஸ்டிக் மூடியை சென்சார் மேல கவுத்து வைங்க, எல்லாப் பக்க வெளிச்சமும் கலந்து உள்ள போகும். மூடி பாதியைத் தின்னுரும், அதனால மூடியோட ஒரு தடவை, மூடி இல்லாம ஒரு தடவை, ஒரே எடத்துல எடுத்து எத்தனை மடங்குன்னு நோட்டுல எழுதி, அதுக்கப்புறம் எப்பவும் அதால பெருக்கிக்குங்க.

சரி பாக்குறது எப்படி? நமக்கு வருசத்துல ரெண்டு நாள் ஒரு இலவச தராசு கெடைக்குது. ராமேஸ்வரம் 9.3 டிகிரி வடக்குல இருக்கு, அதனால சித்திரை ஒண்ணை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலயும் சூரியன் நேரா தலைக்கு மேல வருது, 12 மணி தாண்டி 10, 15 நிமிஷத்துல ஒரு குச்சியை நட்டா நிழலே காலடிக்குள்ள ஒளிஞ்சிக்கும். மேகமில்லாம இருந்தா அப்ப தரையில விழுறது 1 லட்சம் லக்ஸோ அதுக்கு கொஞ்சம் மேலயோ. போன் 60,000 காட்டுனா அது கொறைச்சு சொல்ற போன். நிறைய போன் சென்சார் அவ்வளவு வெயில்ல திணறி ஒரு எண்ணுல முட்டி நின்னுரும், அப்ப மூடி போட்டுப் பாருங்க. சூரியனை கண்ணால நேரா பாக்காதீங்க, கேமராவோட கண்ணாடித் துளை வழியாவும் பாக்காதீங்க, அதுல விளையாட்டே வேணாம்.

அஞ்சாவது படி: கேமராவுக்கு சொல்லிக் குடுக்குறது

போட்டோக்காரங்க லக்ஸ்னு சொல்றதில்லை, ஈவின்னு ஒரு கணக்கு. ஈவி ஒண்ணு கூடுனா வெளிச்சம் ரெண்டு மடங்கு, ஐஎஸ்ஓ (சென்சாரோட உணர்திறன்) 100-ல ஈவி 0-ன்னா 2.5 லக்ஸ். அங்கேர்ந்து ரெட்டிச்சுக்கிட்டே போங்க: 5, 10, 20, 40... ஈவி 7-ல 320 லக்ஸ், வீட்டு ஹால். ஈவி 12-ல 10,000 சொச்சம், மேகம் மூடுன பகல். ஈவி 15-ல 82,000 கிட்ட, நல்ல வெயில். மீட்டரே இல்லாத காலத்துல பெரியவங்க வச்சிருந்த விதியும் இதேதான், வெயில்ல எஃப் 16 வை (எஃப்னா லென்ஸ் துளையோட அளவு, எண் கூடுனா துளை சின்னது), ஷட்டரை ஐஎஸ்ஓ எண்ணுல ஒரு பங்கா வை, ஐஎஸ்ஓ 100-ன்னா நூத்துல ஒரு செகண்டு. போன் லக்ஸையும் இந்த விதியையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒண்ணை ஒண்ணு சரி பாத்துக்கலாம்.

இப்ப அந்த கறுத்த முகத்துக்கு வருவோம். கேமராவுக்குள்ள இருக்குற மீட்டர் திரும்பி வர்ற ஒளிர்வை மட்டும்தான் பாக்குது. முன்னால இருக்குறது மணலா, எருமை மாடா, பட்டுச்சேலையான்னு அதுக்குத் தெரியாது. எல்லாம் சேந்து சராசரியா சுமார் 18 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற நடுத்தர சாம்பல்னு நினைச்சுக்கும். தனுஷ்கோடி மணல் அதை விட ரொம்பக் கூட திருப்பி அனுப்புது. உடனே கேமரா "வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு முடிவு பண்ணி எல்லாத்தையும் இறக்கி மணலை சாம்பலாக்கிருச்சு, மணலோட சேத்து முகமும் இறங்கிருச்சு.

இதுக்கு மூணு வழி இருக்கு. அவசரத்துக்கு, வெள்ளை மணல்லயோ உப்பளத்துலயோ எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒண்ணுலேர்ந்து ஒண்ணரை ஸ்டாப் கூட்டி வைங்க, கறுப்பு பர்தா போட்ட கூட்டத்தையோ தார் பூசுன வல்லத்தையோ எடுக்கும்போது ஒரு ஸ்டாப் கொறைங்க. கொஞ்சம் நேரம் இருந்தா ஒரு சாம்பல் அட்டையை முகம் இருக்குற எடத்துல பிடிச்சு அதை மட்டும் மீட்டர் பண்ணுங்க. எனக்குப் பிடிச்சது மூணாவது: விழுற வெளிச்சத்தையே அளக்குறது. வெள்ளைக் குமிழ் வச்ச லைட் மீட்டரோ, மேல சொன்ன மூடி போட்ட போனோ, முகத்துக்கு முன்னாடி வச்சு கேமரா பக்கம் திருப்பிப் பிடிங்க. சேலை என்ன கலர், பின்னாடி மணலா கடலா எதுவும் அந்த எண்ணைத் தொடாது. லக்ஸை 2.5-ஆல வகுத்து, அது எத்தனை தடவை ரெட்டிச்சதுன்னு எண்ணுனா ஈவி. அந்த நாளுக்கப்புறம் தனுஷ்கோடில நான் ஆட்டோவைத் தொட்டதே இல்லை.

சாயங்கால நேரத்துக்கு ஒரு கணக்கு சொல்றேன், அரியமான்லயோ பாம்பன் பாலத்துக்குக் கீழயோ நின்னு எடுக்குறவங்களுக்கு உதவும். சூரியன் மறையுற நிமிஷத்துல சுமார் 400 லக்ஸ் இருக்கும். நம்ம ஊர்ல சூரியன் செங்குத்தா இறங்குறதால 21, 22 நிமிஷத்துல அது 3 லக்ஸ் சொச்சத்துக்கு வந்துரும். ஏழு ஸ்டாப், அதாவது 3 நிமிஷத்துக்கு ஒரு ஸ்டாப் போகுது. ஐரோப்பாக்காரங்க வீடியோல "கோல்டன் ஹவர்"னு நிதானமா பேசுறதைப் பாத்து நம்ம கடற்கரைல அப்படி நின்னா ஒண்ணும் மிஞ்சாது. கை ஷட்டர் வீல்லயே இருக்கட்டும்.

ஆறாவது படி: நிலா

நிலாவை எடுக்கப் போய் வெள்ளை பொட்டு மட்டும் வர்றது எல்லாருக்கும் நடக்குறது. காரணம், நிலாவுக்கும் பகல் வெயில்தான், நம்ம மேல விழுற அதே சூரியன். நிலா மண்ணு பழைய தார் ரோடு மாதிரி கறுப்பு, விழுறதுல சுமார் 12 சதவீதம்தான் திருப்பி அனுப்பும். அதனால வெயில் விதியை ஒரு ஸ்டாப் திறந்தா போதும், எஃப் 11, ஷட்டர் ஐஎஸ்ஓவுல ஒரு பங்கு. அதே நிலா தரைல கொட்டுற வெளிச்சமோ கால் லக்ஸ் ஒட்டித்தான், ஈவி மைனஸ் 3. நிலா வெளிச்சத்துல கரையில ஏத்துன வல்லத்தை எடுக்கணும்னா எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, 4 செகண்டு. பகலோட 1 லட்சத்தையும் இந்தக் கால் லக்ஸையும் வகுத்துப் பாருங்க, பூகேர் தேடுன அந்த 4 லட்சம் உங்க கேமரா டயல்லயே வந்து நிக்கும்.

ஏழாவது படி: நட்சத்திரத்துக்கு மார்க் போடுறது

2100 வருசத்துக்கு முன்னாடி கிரேக்கர் ஹிப்பார்க்கஸ் நட்சத்திரங்களை பிரகாசமானது முதல் தரம், கண்ணுக்கு எட்டுற கடைசி மங்கல் ஆறாம் தரம்னு பிரிச்சாருன்னு சொல்லுவாங்க. 1856-ல நார்மன் போக்சன் அதுக்கு கணக்கு போட்டாரு, 5 மேக்னிட்யூட் (அந்தத் தரம்தான்) வித்தியாசம்னா சரியா 100 மடங்கு, ஒரு மேக்னிட்யூட்னா 2.512 மடங்கு. கிளாஸ்ல ரேங்க் மாதிரி, எண் கொறைய கொறைய பிரகாசம் கூட. சூரியன் மைனஸ் 26.7, பௌர்ணமி நிலா மைனஸ் 12.7, வித்தியாசம் 14, கணக்குப் போட்டா 4 லட்சம் மடங்கு, திரும்ப அதே எண். விடிவெள்ளி மைனஸ் 4 சொச்சம், சிரியஸ் மைனஸ் 1.46, தெற்குல தாழ்வா நிக்குற அகத்தியர் நட்சத்திரம் மைனஸ் 0.74.

இப்ப வேலை. திருவாதிரையோட (இங்கிலீஷ்ல பீட்டல்ஜூஸ்) பிரகாசத்தை கண்ணால அளக்கப் போறோம். அது நிலையா இல்லாத நட்சத்திரம், கூடும் கொறையும். 2020 பிப்ரவரில 1.6 வரைக்கும் மங்கிப் போயி உலகமே வெடிக்கப் போகுதோன்னு பாத்துச்சு, அப்புறம் அது கக்குன வாயு குளுந்து தூசியாகி நம்ம பார்வைய மறைச்சிருச்சுன்னு தெரிய வந்துச்சு.

நம்ம கடற்கரைக்கு இதுல ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. திருவாதிரை நமக்கு கிட்டத்தட்ட நேரா உச்சந்தலைக்கு மேல வந்து போகும், ஒப்பிட வேண்டிய ரோகிணியும் புரோசியானும் அப்ப 60 டிகிரிக்கு மேலதான் நிக்கும். தாழ்வா நிக்குற நட்சத்திரத்தோட வெளிச்சத்தைக் காத்து தின்னுரும், நேர் மேலயே சுத்தமான காத்துல 0.2, 0.3 மேக்னிட்யூட் போகும், 30 டிகிரி உயரத்துல காத்து ரெண்டு மடங்கு, நம்ம உப்புக்காத்துல இன்னும் கூட. மூணும் மேல இருக்கும்போது அந்தத் தொல்லை கொறைவு. ஐரோப்பால உக்காந்து பாக்குறவங்களுக்கு இது கெடைக்காது.

தை, மாசி மாசம் ராத்திரி, நிலா இல்லாத நாள். மார்கழி திருவாதிரையை ஒட்டி உத்தரகோசமங்கைல மரகத நடராசரை சந்தனக்காப்பு இல்லாம பாக்க ஊரே திரளும், ஆனா அன்னிக்கு கிட்டத்தட்ட பௌர்ணமி, நிலா திருவாதிரை பக்கத்துலயே நிக்கும், அளவெடுக்க ஆகாத ராத்திரி. 20 நிமிஷம் இருட்டுல உக்காருங்க, போனைத் தொடாதீங்க. அப்புறம் புரோசியானைப் பாருங்க, அது 0.34. ரோகிணியைப் பாருங்க, சுமார் 0.86. திருவாதிரை ரெண்டுக்கும் நடுவுல எங்க விழுதுன்னு மனசுல ஒரு கோடு போட்டு அஞ்சு பங்கா பிரிங்க. புரோசியான்லேர்ந்து ரெண்டு பங்கு தள்ளின்னு தோணுச்சுன்னா 0.34 கூட்டல் 0.52-ல அஞ்சுல ரெண்டு, 0.55 ஒட்டி வரும். செவப்பு நட்சத்திரத்தை உத்துப் பாத்துட்டே இருந்தா அது ஏறிக்கிட்டே போற மாதிரி தெரியும், அதனால பட்டுனு பாத்து பட்டுனு கண்ணை எடுங்க, மூணு நாலு தடவை மாத்தி மாத்தி. ரோகிணியை விட மங்கலா தெரிஞ்சா 1.14 இருக்குற பொல்லக்ஸை அடுத்த படிக்கல்லா வச்சுக்கலாம். 1911-லேர்ந்து மாறும் நட்சத்திரங்களுக்காக இயங்குற ஏஏவிஎஸ்ஓ அமைப்பு இப்படி சாதாரண ஆளுங்க எடுத்த கணக்கை உலகம் பூராலேர்ந்து வாங்கி சேத்து வைக்குது, நீங்களும் அனுப்பலாம்.

எட்டாவது படி: அதையே கேமராவுல

ஸ்டாண்டு போட்டு, 50 மிமீ லென்ஸ், எஃப் 2.8 இல்ல 4, 5 செகண்டுக்குள்ள, கட்டாயம் ரா பைல் (சென்சார் எண்ணை மாத்தாம வைக்கிற கோப்பு). ஜேபெக்ல கேமரா வளைவு போட்டு எண்ணைத் திரிச்சிரும், அதை வச்சு அளக்கவே முடியாது. போகஸை லேசா தவற விடுங்க, ஆமா வேணும்னேதான், நட்சத்திரம் ஒரு சின்ன உருண்டையா பரவி நிறைய பிக்சல்ல விழணும், கூர்மையா விழுந்தா ஒரே பிக்சல் நிரம்பி வழிஞ்சிரும். 14 பிட் கேமரால ஒரு பிக்சல் 16,383 வரைக்கும்தான் தாங்கும், 10,000 தாண்டாம பாத்துக்குங்க. பத்து படம் எடுங்க, லென்ஸ் மூடியைப் போட்டு அதே செட்டிங்ல இன்னொரு பத்து எடுத்து கழிச்சிருங்க, சென்சாரோட சொந்த இரைச்சல் போயிரும்.

கம்ப்யூட்டர்ல பச்சை சேனலை மட்டும் பிரிச்செடுங்க, வானியல்ல கண்ணுக்கு சமமா வச்சிருக்குற வடிகட்டிக்கு அதுதான் கிட்ட வரும். நட்சத்திரத்தைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு உள்ள இருக்குற எண்ணெல்லாம் கூட்டி, பக்கத்து வெறும் வானத்தோட எண்ணைக் கழிங்க. உதாரணத்துக்கு திருவாதிரை 84,000, ரோகிணி 70,000ன்னு வந்தா விகிதம் 1.2. அதோட லாகரிதத்தை 2.5-ஆல பெருக்குனா 0.2. ரோகிணி 0.86, அதுல 0.2 கழிச்சா திருவாதிரை 0.66. இங்க புரோசியானை விட ரோகிணிதான் நல்ல துணை, ரோகிணியும் திருவாதிரையும் செவப்பு சாயல், கலர் மாறுனா கேமராவோட பச்சை கொஞ்சம் ஏமாத்தும்.

ஒன்பதாவது படி: வானம் எவ்வளவு இருட்டு

இருட்டையும் அளக்கலாம். வானத்துல ஒரு சதுர ஆர்க் செகண்டுக்கு (ஆர்க் செகண்டுன்னா ஒரு டிகிரில 3600-ல ஒரு பங்கு) எத்தனை மேக்னிட்யூட்னு கணக்கு, 22 கிட்ட வந்தா இயற்கையான முழு இருட்டு, பெரிய நகரத்து நடுவுல 17, 18. இதுக்குன்னே ஸ்கை குவாலிட்டி மீட்டர்னு கை அடக்கமா ஒரு கருவி இருக்கு. அது இல்லைன்னா கார்த்திகை, அறுமீன்னு சொல்றோம்ல, அதுல எத்தனை எண்ண முடியுதுன்னு பாருங்க. ஆறு தெளிவா தெரிஞ்சா ஓரளவு நல்ல வானம், ஏழு எட்டுன்னு எண்ண முடிஞ்சா ரொம்ப நல்ல வானம், ஒரு மங்கல் திட்டு மட்டும்னா ஊர் வெளிச்சம் தின்னுட்டு இருக்கு. ராமேஸ்வரம் கோயில் தெரு மொட்டை மாடிலயும் வாலிநோக்கம், மூக்கையூர் பக்கத்து கரைலயும் ஒரே வாரத்துல எண்ணிப் பாருங்க, நானே சொல்றதை விட அது பளிச்சுனு சொல்லும். தனுஷ்கோடிக்குள்ள ராத்திரி நிக்க விட மாட்டாங்க, அங்க போய் வம்புல மாட்டிக்காதீங்க.

இந்த எண்ணை நான் விடாம எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. கடலாமைக் குஞ்சு பொரிஞ்சதும் வெளிச்சமான அடிவானத்தைப் பாத்துதான் ஓடும், இயற்கையா அது கடல் பக்கம். கரையில பெரிய விளக்கு இருந்தா அது ரோட்டுப் பக்கம் ஓடும். எந்த கரைல எவ்வளவு வெளிச்சம் ஏறுதுன்னு வருசா வருசம் எண்ணு இருந்தா "இந்த விளக்கைக் கீழ்ப்பக்கம் திருப்புங்க"ன்னு பஞ்சாயத்துல போய் கேக்க கைல ஒரு ஆதாரம் இருக்கும்.

பத்தாவது படி: தட்டைக் கடல்ல இறக்குறது

1865-ல ஏஞ்சலோ செச்சின்னு இத்தாலி பாதிரியார் ஒருத்தர் வெள்ளைத் தட்டை மத்தியதரைக்கடல்ல இறக்கி அது எந்த ஆழத்துல மறையுதுன்னு பாத்தாரு. அவர் வானியல்காரர், நட்சத்திரங்களை அதோட நிறமாலையை வச்சு வகை பிரிச்ச முன்னோடி அவர்தான். வானத்து வெளிச்சத்தைப் பிரிச்ச அதே ஆள் கடலுக்குள்ளயும் வெளிச்சத்தைத் தொரத்திட்டுப் போயிருக்காரு.

30 செமீ வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, நடுவுல ஓட்டை, அடில வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு கொஞ்சம், நைலான் கயிறு. கயிறை நனைச்சுட்டு அப்புறம்தான் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போடணும், காஞ்ச கயிறுல அளந்தா தண்ணிக்குள்ள நீளம் மாறும். காலைல 10-லேர்ந்து மத்தியானம் 2-க்குள்ள, படகோட நிழல் பக்கமா, கூலிங் கிளாஸைக் கழட்டிட்டு இறக்குங்க. மண்டபத்துல முதல் தடவை ஒரு அண்ணனோட நாட்டுப்படகுல போனப்ப அவருதான் சொன்னாரு, "தம்பி, மறைஞ்ச உடனே எழுதாத, இன்னும் ஒரு முழம் விட்டுட்டு மெதுவா இழு, திரும்பத் தெரியுற எடத்தையும் குறிச்சுக்க"ன்னு. அவரு செச்சி பேரைக் கேட்டதே இல்லை, ஆனா மறையுற ஆழத்தையும் தெரியுற ஆழத்தையும் கூட்டி ரெண்டால வகுக்குறதுதான் முறையும். பாகம் (ரெண்டு கையையும் விரிச்ச நீளம்) போட்டு ஆழம் பாத்த கைக்கு இது தானா வந்திருக்கு.

3 மீட்டர்ல மறைஞ்சுதுன்னு வைங்க. 1.7-ஐ 3-ஆல வகுத்தா 0.57, இதுதான் அந்தத் தண்ணி வெளிச்சத்தைத் தின்னுற வேகம். அதுபடி முதல் மீட்டர்லயே 43 சதவீதம் போயிரும், 8 மீட்டர் ஆழத்துல மேல விழுந்ததுல 1 சதவீதம்தான் மிஞ்சும். பாசி வளர வெளிச்சம் கெடைக்குற எல்லை சுமாரா அந்த 1 சதவீதக் கோடுதான். பெப்சி பாசி (கப்பாஃபைகஸ்னு வளர்க்குற கடல்பாசி) மிதவை கட்டுறவங்க அதை மேலாப்புலயே மிதக்க விடுறதும், முங்கி மரிக்கொழுந்து பாசி பறிக்குற அக்காமாரு கலங்கல் நாள்ல கடலுக்கு இறங்கத் தயங்குறதும் இந்தக் கணக்கோட ஒத்துப் போகுது. சிவப்பு வெளிச்சம்தான் முதல்ல காணாமப் போகும், தண்ணிக்குள்ள எடுக்குற படம் நீலம் பச்சையா வர்றது அதனாலதான், பிளாஷ் இல்லாம அங்க சிவப்பைத் தேடாதீங்க.

ஒரே நாள்ல ரெண்டு கடல்லயும் தட்டை இறக்க முடியுற எடம் நம்ம ஊரு. கச்சான் (தென்மேற்கு) காத்து அடிக்கிற மாசத்துல தெக்கே ஆண் கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிச்சு கலங்கும், வடக்கே பெண் கடல் (பாக் விரிகுடா) அமைதியா கெடக்கும். வாடை (வடகிழக்குக் காத்து) வந்துட்டா அப்படியே மாறும். பாம்பன்ல ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் அரை மணி நேர இடைவெளில இறக்கி, தேதி, மணி, எந்தக் காத்து, மேகம் எவ்வளவு, மேல எத்தனை லக்ஸ், தட்டு மறைஞ்ச ஆழம், திரும்பத் தெரிஞ்ச ஆழம், எல்லாம் ஒரே வரில எழுதுங்க. கோடைக்கானல் ஆய்வுக்கூடத்துல 1900-களோட ஆரம்பத்துலேர்ந்து சூரியனை நாள் தவறாம படம் எடுத்து அடுக்கி வச்சிருக்காங்க, நூறு வருசம் கழிச்சு ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் அதைத் திறந்து பாக்குறாங்க. என் நோட்டுல இப்ப வடகடல் ஒரு பக்கம், தென்கடல் எதிர்ப் பக்கம். தட்டை நல்ல தண்ணில அலசிட்டுதான் உள்ள வைப்பேன், உப்பு காஞ்சு படிஞ்சா வெள்ளை மங்கிரும், மங்குன தட்டு அடுத்த வாரம் ஒரு முடிச்சு முன்னாடியே மறைஞ்சிரும்.